ஆக்கியவரே வெறுத்த இசைத்தொகுப்பு



ஒரு படைப்பைப் பற்றி அதனைப் படைத்தவர் கூறும் சொல்தான் இறுதிச் சான்றா? வரலாறு கற்பிப்போர் பலமுறை எதிர்கொள்ளும் வினா இது. நம்மில் பலர் செவிகளைப் பொத்திக்கொள்ளும் முரட்டு இசையின் உலகில் இதற்குச் சுவையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதனை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1981-ஆம் ஆண்டு தோன்றிய இசைக்குழு 'மினிஸ்ட்ரி'. அதன் தலைவர் ஆல் ஜோர்கென்சன் 1958-இல் கியூபாவின் ஹவானா நகரில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். இயந்திரங்கள் இரைவது போன்ற தாளமும், அறுவை வாள் போன்ற கிட்டார் ஒலியும், உறுமும் குரலும் இக்குழுவின் அடையாளங்கள். 1992-இல் வெளிவந்த 'சாம் 69' என்னும் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 27-ஆம் இடத்தைத் தொட்டது; அந்நாட்டில் பத்து இலட்சம் படிகள் விற்பனையானதற்கான சான்றிதழையும் பெற்றது.

ஆனால், இக்குழுவின் முதல் தொகுப்பை இன்று கேட்பவர், வேறு யாரோ பாடியது என்றே எண்ணுவார். 1983-இல் அரிஸ்டா நிறுவனம் வெளியிட்ட அத்தொகுப்பின் பெயர் 'வித் சிம்பதி'. ஐரோப்பாவில் 'வொர்க் ஃபார் லவ்' என்னும் பெயரில் வெளிவந்தது. முழுக்கச் சிந்தசைசர் இசை, துள்ளும் நடனத் தாளம், காதல் ஏக்கம். போதாக்குறைக்கு, ஜோர்கென்சன் இங்கிலாந்துக்காரரைப் போன்ற உச்சரிப்பில் பாடியிருந்தார்.

காரணத்தைக் காலச்சூழலில் தேடவேண்டும். 1981 ஆகஸ்டில் எம்டிவி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. காட்சிப் பாடல்களை ஏராளமாக வைத்திருந்த பிரிட்டிஷ் குழுக்கள் அதன் வழியாக அமெரிக்க இல்லங்களுக்குள் நுழைந்தன. 1982-இல் 'தி ஹியூமன் லீக்' குழுவின் சிந்தசைசர் பாடலொன்று அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இசை நிறுவனங்கள் அத்தகைய ஒலியையே தேடி அலைந்த காலம் அது.

தொகுப்பு 96-ஆம் இடத்தோடு நின்றது. நிறுவனத்துடன் பிணக்கு ஏற்பட்டு ஜோர்கென்சன் வெளியேறினார். அதன்பின் பல்லாண்டுகள், நிறுவனத்தின் வற்புறுத்தலால் பிறந்த படைப்பு அதுவென்றும், தாம் அதனை அறவே வெறுப்பதாகவும் அவர் கூறிவந்தார்.

கேட்போர் மூன்று வகையாகப் பிரிந்தனர். முரட்டு இசை விரும்பிகள் பலர், ஆக்கியவரே ஒதுக்கிவிட்டார் என்று தாமும் ஒதுக்கினர். சிலர் அதனை ஒரு வேடிக்கைப் பொருளாகப் பாதுகாத்தனர். மற்றும் சிலரோ, மினிஸ்ட்ரியின் பிற்கால இசையை விரும்பாவிட்டாலும் இந்த ஒரு தொகுப்பை மனமார நேசித்தனர். அந்த நேசம் நாற்பதாண்டுகள் கடந்தும் மங்கவில்லை.

இங்கேதான் வரலாற்று மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அரிஸ்டாவில் சேர்வதற்கு முன்பே, சிகாகோவின் 'வேக்ஸ் டிராக்ஸ்' என்னும் சிறு நிறுவனத்துக்காக அக்குழு பதிவு செய்த 'கோல்ட் லைஃப்' பாடலும் நடன இசையே. அரிஸ்டாவை விட்டு நீங்கியபின், அதே சிறு நிறுவனத்தில் வெளியிட்ட 'எவ்ரி டே இஸ் ஹாலோவீன்' பாடலும் சிந்தசைசர் இசையே. அரிஸ்டாவின் பிடி இல்லாத வேளையிலும் அவர் அவ்வழியில் நடந்திருக்கிறார் அல்லவா? ஆகவே, மெருகிலும் உச்சரிப்பிலும் வற்புறுத்தல் இருந்திருக்கலாம். அந்த இசை முழுவதும் பிறர் திணித்தது என்பதை மட்டும் பதிவுகள் ஆதரிக்கவில்லை. 1986-இன் 'ட்விட்ச்' தொகுப்பில் ஒலி கடுமையாகிறது. 1988-இல் வந்த அடுத்த தொகுப்பில் முரட்டுக் கிட்டார் மேலெழுகிறது. மாற்றம் ஓரிரவில் நிகழவில்லை, படிப்படியாகவே நிகழ்ந்தது.

அவரைப் பொய்யர் என்று நான் கூறவில்லை. முரட்டு இசையால் புகழ்பெற்ற ஒருவருக்குப் பழைய மென்மை இடையூறாகத் தோன்றுவது இயல்பு. நினைவு என்பது, நாம் இன்று யாராக இருக்கிறோமோ அவருக்கு ஏற்பவே நேற்றைத் திருத்தி எழுதும்.

இக்கதைக்கு இனியதொரு திருப்பமும் உண்டு. 2024 மே மாதம் கலிபோர்னியாவின் பாசடினாவில் நடந்த 'குரூவல் வேர்ல்ட்' விழாவில், அவர் அப்பழைய பாடல்களை மேடையேற்றினார். 2025-இல் அவற்றைத் தம் இன்றைய குரலிலும் கிட்டார் ஒலியிலும் மறுபதிவு செய்து 'தி ஸ்குயிர்லி இயர்ஸ் ரீவிசிட்டட்' என்று வெளியிட்டார். தம் அறுபதுகளின் நடுவில், இருபத்து நான்கு வயது இளைஞனோடு அவர் சமரசம் செய்துகொண்டார் என்றே எனக்குப் படுகிறது. அதுவரை அப்பாடல்களைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் கேட்போரே.

வகுப்பறையில் ஒரு தலைவரின் தன்வரலாற்றையோ ஒரு முதியவரின் நேர்காணலையோ மாணவர்கள் படிக்கும்போது, "சொன்னவர் யார்?" என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். "எப்போது சொன்னார்? அக்காலப் பதிவுகள் என்ன சொல்கின்றன?" என்றும் கேட்கப் பழக்குவோம். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தம் பழைய கட்டுரை ஏட்டைப் பிள்ளைகள் வெட்கத்தோடு கிழிக்க முற்பட்டால், அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதன் மதிப்பை முடிவுசெய்ய அவர்களுக்கு இன்னும் நாற்பதாண்டுகள் உள்ளன.