பசவண்ணர் கண்ட சமூகம்

அட்சய திருதியை என்றவுடன் நம் இல்லங்களில் பொன் வாங்கும் பேச்சே முந்தி எழுகிறது. அதே நாளில் நம் அண்டை வீட்டார் வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டிப் பசவண்ணரின் பிறந்தநாளைக் கொண்டாடுகின்றனர். கருநாடக அரசு அந்நாளை விடுமுறை நாளாக வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் விடுமுறையை நன்கு அறிவர். அதற்குரிய பெரியாரை அறிந்தவர் நம்மிற் சிலரே. ஒரே தெருவில் பல்லாண்டு வாழ்ந்தும், மார்பில் இலிங்கம் தாங்கிய இம்மக்களை ஒரு சமூகமாகப் பிணைத்தது எது என்று நாம் வினவாதிருத்தல் முறையன்று.

பசவண்ணர் 12-ஆம் நூற்றாண்டினர். பாகேவாடியில் அந்தணர் குடியில் தோன்றியவர். பூணூலை மறுத்து வீட்டை விட்டு வெளியேறியவர். கிருஷ்ணையும் மலப்பிரபையும் கூடும் கூடலசங்கமத்தில் கல்வி பயின்று, பின்னர்க் கல்யாண நகரில் களசூரி மன்னன் பிச்சளனின் கருவூலப் பொறுப்பை ஏற்றார். இன்று பீதர் மாவட்டத்தில் பசவகல்யாணம் எனப் பெயர் பெற்று விளங்குவது அந்நகரமே.

அவரைச் சூழ்ந்து திரண்ட அடியார்கள் சரணர் எனப்பட்டனர். அவர்கள் கூடி உரையாடிய அவையை அனுபவ மண்டபம் என்று மரபு போற்றுகிறது. அல்லமப் பிரபு அதற்குத் தலைவர். செருப்புத் தைப்பவரும் ஓடம் செலுத்துபவரும் துணி வெளுப்பவரும் அமைச்சரோடு சரிநிகராக அமர்ந்து வாதிட்டனர். அக்கமாதேவி முதலாக முப்பதுக்கும் மேற்பட்ட பெண்டிர் வசனங்கள் இயற்றினர். வசனம் என்பது யாப்பின் கட்டுக்கு உட்படாது, வீட்டிலும் தெருவிலும் வழங்கிய கன்னடத்திலேயே அமைந்த உரை.

கோயிலும் பூசகரும் இன்றி, ஒவ்வொருவரும் தம் இட்டலிங்கத்தை உள்ளங்கையில் ஏந்தி வழிபடலாம் என்பது அவர்தம் நெறி. ஆயினும் வழிபாடு மட்டுமே ஒரு சமூகத்தைக் கட்டிவிடாது. அதனைக் கட்டியவை காயகம், தாசோகம் என்னும் இரண்டு. காயகமாவது, நேர்மையான உடலுழைப்பையே இறைவழிபாடாகக் கொள்ளுதல். தாசோகமாவது, அவ்வுழைப்பின் பயனைப் பணிவோடு பிறர்க்குப் பகிர்ந்தளித்தல்.

இதனை விளக்க இலக்கம்மை என்னும் அடியாரின் கதை ஒன்றே போதும். அவர் கணவர் மாரய்யர் சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வருவார். அதனைச் சமைத்து இருவரும் அடியார்க்கு அமுது படைப்பர். ஒருநாள் அவர் வழக்கத்தினும் மிகுதியாகக் கொணர்ந்தார். இலக்கம்மை மகிழவில்லை, தேவைக்கு மேற்பட்ட அரிசி ஆசையின் அடையாளம் என்று இடித்துரைத்து, மிகுந்ததை எடுத்த இடத்திலேயே கொட்டிவரச் செய்தார். ஈகைக்காகவேனும் மிகையாகச் சேர்த்தல் ஆகாது என்றார் அவ்வறிய பெண்மணி!

இத்தகைய சமத்துவத்தை அக்காலம் பொறுக்கவில்லை. செருப்புத் தைக்கும் ஹரளய்யர் மகனுக்கும் அந்தணராகிய மதுவரசர் மகளுக்கும் திருமணம் நிகழ, தந்தையர் இருவரும் கொடுந்தண்டனைக்கு ஆளாயினர் என்பது மரபு. 1167-ஆம் ஆண்டை ஒட்டிக் கல்யாணத்தில் பெருங்குழப்பம் மூண்டது, பிச்சளன் கொலையுண்டான், சரணர் சிதறினர். பசவண்ணர் கூடலசங்கமத்தில் மறைந்தார். சென்னபசவண்ணர் முதலியோர் வசனச் சுவடிகளோடு மேற்கே உளவிக் காடுகளை அடைந்தனர் என்பர்.

அரசின் ஆதரவை இழந்த நெறி அழியாதது எவ்வாறு? இலிங்கம் அவரவர் உடலோடு சென்றது. வசனம் நாவோடு சென்றது. ஊர் ஊராகச் செல்லும் சங்கமர் என்னும் குருமார் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய சடங்குகளை நடத்திக் குடும்பங்களை இணைத்தனர். மடங்கள் எழுந்தன, அவற்றில் அன்னமும் கல்வியும் வழங்கப்பெற்றன. தமிழ்நாட்டுக்கும் இவ்வுறவு புதியதன்று. நம் அறுபத்துமூவரைச் சரணர் போற்றினர். ஹரிஹரர் கன்னடத்திற் பாடினார். மறுபுறம், 15-ஆம் நூற்றாண்டில் சாமரசர் இயற்றிய பிரபுலிங்கலீலையைத் துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டில் தமிழாக்கினார்.

அண்மைக் காலத்திலும் அமைப்புத்திறன் குன்றவில்லை. 1904-இல் ஹானகல் குமாரசுவாமிகள் முயற்சியால் வீரசைவ மகாசபை தோன்றியது. 1916-இல் பெளகாவியில் ஆசிரியர் எழுவர் தொடங்கிய கல்விக்கழகம் கல்லூரிகளும் மருத்துவமனையுமாக வளர்ந்தது. விசயபுரத்து வழக்கறிஞர் ஹளகட்டி ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்து 1923 முதல் வசனங்களை அச்சேற்றினார். தும்கூரில் சித்தகங்கை மடத்தின் சிவகுமார சுவாமிகள், 2019-இல் 111-ஆம் அகவையில் மறையும்வரை, ஆயிரக்கணக்கான ஏழை மாணவர்க்குச் சாதி பாராது உணவும் உறையுளும் கல்வியும் அளித்துவந்தார். தாசோகம் விடுதியாகவும் பள்ளியாகவும் உருக்கொண்டதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

குறையையும் மறைத்தல் கூடாது. பிறப்பை மறுத்தெழுந்த சமூகத்திலேயே காலப்போக்கில் உட்பிரிவுகள் வேரூன்றின. மணவுறவும் பிரிவு நோக்கியதாயிற்று. வீரசைவம் பசவண்ணருக்கு முற்பட்டது என்று பஞ்சாசாரிய பீடங்களைச் சார்ந்தோர் கூற, பசவண்ணரே முதல்வர் என்று மற்றையோர் வாதிடுகின்றனர். தனிச்சமயமாக ஏற்கவேண்டும் என்னும் கோரிக்கையை 2018-இல் மாநில அரசு பரிந்துரைத்தது, நடுவணரசு ஏற்கவில்லை. ஹரளய்யர் வீட்டுத் திருமணத்திற்காகச் சிந்திய குருதி இன்னும் விடை வேண்டி நிற்கிறது எனலாம்.

இவ்வினா அவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரே மொழி பேசி ஒரே குடியிருப்பில் வாழும் நம்மிடையேயும் ஊரும் குலமும் கேட்டறிந்த பின்னரே நட்புக்கொள்ளும் வழக்கம் அற்றுவிடவில்லை. ஆண்டு விழாப் பந்தலில் ஒன்றாய் அமர்ந்துவிட்டு, மறுநாள் அவரவர் வாயிலை அடைத்துக்கொள்வது சங்கமாகாது. நம் அன்னையர் உலை வைக்கும்முன் பிடியரிசி எடுத்துவைத்த வழக்கத்தை நாம் மறந்துவிடவில்லை. நாள்தோறும் ஒரு பிடி என்பதுதான் இலக்கம்மை கண்ட கணக்கும். அக்கணக்கில் நம் சங்கம் இக்குடியிருப்பின் ஏழைப் பிள்ளை ஒன்றின் பள்ளிச் செலவை, அது எக்குலத்தது, எம்மொழியது என்று கேளாமல் ஏற்குமாயின், அடுத்த அட்சய திருதியையன்று அண்டை வீட்டாரை நாம் வாழ்த்துவதிற் பொருள் இருக்கும்.