நாகைப் பட்டறையும் நாடாண்ட துரைத்தனமும்

தஞ்சைத் தரணி என்றதும் நெல்லை நினைப்பர், கோபுரத்தை நினைப்பர், கோபுர நிழலில் கொழுத்த மானியங்களை நினைப்பர். இரும்பை நினைப்பார் எவருமிலர். ஆயினும் அத்தரணியின் கடற்கரை ஊராம் நாகப்பட்டினத்திலே உலைக்களம் கனன்றது, சம்மட்டி முழங்கிற்று, நீராவி எஞ்சின்கள் பழுது பார்க்கப்பட்டன. குடும்பம் குடும்பமாக மக்கள் அந்த இரயில்வேப் பட்டறையை நம்பி வாழ்ந்தனர். அது ஏன் அகன்றது, அகன்றபோது மக்கள் ஏன் கொதித்தனர் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். எந்த மன்னன் எந்தக் கோயிலுக்கு எத்தனை வேலி நிலம் அளந்தான் என்பதைக் கல்வெட்டுப் பார்த்துக் கணக்கிட்டுச் சொல்லப் புலவர் பலர் உளர். பட்டறையின் கதையைச் சொல்லத்தான் ஆள் குறைவு.

நாகையில் இருப்புப்பாதை வந்தது 1861இல். கிரேட் சதர்ன் ஆப் இந்தியா இரயில்வே என்ற இங்கிலாந்துக் கம்பெனி அதனை நாகையிலிருந்து தஞ்சைக்கும், பின்னர் திருச்சிக்கும் நீட்டிற்று. முதலீடு செய்த சீமான்களுக்கு வெள்ளைத் துரைத்தனத்தார் ஓர் உறுதி அளித்தனர். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி நிச்சயம்; வண்டி இலாபத்தில் ஓடினாலும் சரி, நட்டத்தில் ஓடினாலும் சரி, குறைவதை அரசாங்கம் நிரப்பும்! அரசாங்கம் எங்கிருந்து நிரப்பும்? காவிரிப் பாசன நிலத்தின் கிஸ்தியும் உப்பு வரியும் இருக்கவே இருந்தன. சேற்றில் நின்றவனுடைய காசு கப்பலேறி, இலண்டனில் குளிர்காய்ந்தவனுக்கு வட்டியாயிற்று.

1874இல் இக்கம்பெனி கர்நாடிக் இரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆயிற்று. 1891இல் பாதையின் உடைமை அரசாங்கத்துக்கே வந்தது; நடத்தும் பொறுப்பு மட்டும் இலண்டனில் பதிவான புதிய கம்பெனியிடம் விடப்பட்டது. இந்த ஏற்பாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். உடையவர் அரசாங்கத்தார், ஓட்டுபவர் கம்பெனியார். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுவதற்கு இதைவிட வசதியான அமைப்பு வேறென்ன வேண்டும்?

பட்டறைக் கூலி பெருங்கூலி அன்று. ஆயினும் அதன் அருமையை அறிய, பட்டறைக்கு வெளியே இருந்த தஞ்சையைப் பார்க்க வேண்டும். அங்கே பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளந்த மரக்காலும் மிராசுதாருடையது. தந்தை பட்ட கடனுக்குத் தனயன் உழைத்தான். சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாயிருந்த நாடு அது. அத்தகைய நாட்டிலே, மாதம் பிறந்தால் பணமாகக் கூலி தந்த இடம் பட்டறை. கைத்திறன் பார்த்து வேலை தந்த இடம் எனலாம். குலமும் கோத்திரமும் அங்கே முற்றும் மறைந்துவிட்டன என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் உருக்கிய இரும்பு எவனுடைய சாதியையும் கேட்பதில்லை!

முதல் உலகப் போருக்குப்பின் துரைத்தனத்தாரின் கருவூலம் மெலிந்தது. 1922-23இல் இஞ்ச்கேப் பிரபு தலைமையில் சிக்கனக் குழு அமர்ந்தது. இரயில்வேச் செலவைக் குறைக்கச் சொல்லிற்று. 1926இல் சர் வின்சென்ட் ரேவன் தலைமையில் வேறொரு குழு பட்டறைகளை ஆராய்ந்தது. ஆட்குறைப்பு என்ற சொல் நாடெங்கும் அடிபட்டது. தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி திருச்சியை அடுத்த பொன்மலையில் பெரும் பட்டறை ஒன்றை எழுப்பி, நாகைப் பட்டறையை அங்கே மாற்ற முற்பட்டது. புதிய இயந்திரம் வந்தது, ஆகவே பழைய மனிதன் வேண்டாதவனானான். 3,100 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்புவது திட்டம். யாரை அனுப்புவது என்று பொறுக்க, கைத்திறன் சோதனை வேறு! ஆண்டுக்கணக்கில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவனுக்கு அந்த வயதில் பரீட்சை.

1928 ஜூன் இறுதியில் போராட்டம் வெடித்தது. நாகை, போத்தனூர், பொன்மலை என மூன்றிடத்துப் பட்டறைகளும் கொதித்தன, கம்பெனி கதவடைத்தது. ஜூலையில் அது தென்னிந்திய இரயில்வே முழுவதிலும் பொது வேலைநிறுத்தமாகப் பரவிற்று. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளர் பக்கம் நின்றனர். 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலருக்கு அப்போது வயது 68.

துரைத்தனத்தார் என் செய்தனர்? ஆட்குறைப்பைப் பற்றிக் கேட்டால், அது கம்பெனியின் நிர்வாகம். தொழிலாளர் ஊர்வலம் வந்தாலோ, அது அரசாங்கத்தின் அமைதிப் பிரச்சினை! பேச்சுக்கு வராத அரசாங்கம் போலீசோடு வந்தது. மக்களின் சினத்துக்கு மூலம் இந்த இரட்டை முகமே என்பது நம் கருத்து. வேலை போவதைத் தலைவிதி என்று சொல்லிப் பழகிய நாடு இது. ஆனால் இந்தத் தலைவிதியை எழுதியவர்கள் பிரம்மனல்லர், குழுவின் அறிக்கையில் கையொப்பமிட்டவர்கள் என்பதைத் தொழிலாளி அன்று கண்டுகொண்டான்.

இங்கிலாந்திலே இவர்கள் எவ்வாறு நடந்தனர் என்பதையும் பார்க்கலாம். நிலக்கரிச் சுரங்கத் தொழில் நலிந்தபோது, 1925 ஆகஸ்டு முதல் 1926 ஏப்ரல் வரை பால்டுவின் அரசாங்கம் 2 கோடிப் பவுனுக்கு மேல் உதவித்தொகை தந்தது. அதன்பின் கையை விரித்தது. மே மாதம் பொது வேலைநிறுத்தம் மூண்டது. பல மாதம் பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளர், குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் உழைக்கத் திரும்பினர். அங்கே தம் மக்களுக்கே ஒன்பது மாதத் தவணைதான். இங்கே அதுவுமில்லை. அரசாங்கத்தின் ஆர்டரை எதிர்பார்த்து 1921இல் இந்தியாவில் எழுந்த பெனின்சுலர் லோகோமோட்டிவ் கம்பெனிக்கு, 1924இல் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. எஞ்சின்கள் சீமையிலிருந்தே வந்துகொண்டிருந்தன.

வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. சதி வழக்குத் தொடரப்பட்டு, சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் 10 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. முதியவர் 1930இல் வெளிவந்தார். பட்டறை பொன்மலைக்குப் போயிற்று. நாகையின் தொழில் ஒளி மங்கியது. அத்துறைமுகத்தில் நெல் நாட்டின் மக்கள் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தனர்.

1944இல் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து, அரசாங்கமே இரயில்வேயை நேரடியாக நடத்தத் தொடங்கியது. உடையவரும் ஓட்டுபவரும் ஒருவரே ஆயினர். 1946 செப்டம்பர் 5ஆம் நாள், பொன்மலைச் சங்கத் திடலில் கூடிய தொழிலாளர்மீது மலபார்ப் போலீசார் சுட்டனர். ஐவர் மாண்டனர்.