கருஞ்சீரகம்: நபிமொழியும் வரலாறும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!

நம் சமையலறையில் ஒரு சிறு புட்டியில் கிடக்கும் கருஞ்சீரகத்தின் வரலாறு மிக நீண்டது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட தூத்தன்காமூனின் கல்லறையிலும் அதன் விதைகள் கிடைத்துள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் தலைவலிக்கும் பல்வலிக்கும் குடற்புழுவுக்கும் அதை மருந்தாகக் குறித்தார்.

அரபியர் இதனை 'ஹப்பத்துஸ் ஸவ்தா' என்றும் 'ஷூனீஸ்' என்றும் அழைத்தனர். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் இதில் நிவாரணம் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி), ஆயிஷா (ரலி) ஆகியோர் அறிவிக்கின்றனர். இது புகாரியில் பதிவாகியுள்ளது.

அதே நூலில் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. காலிப் பின் அப்ஜர் என்பவர் பயணத்தில் நோயுற்று, அந்நிலையிலேயே மதீனா வந்து சேர்ந்தார். நலம் விசாரிக்க வந்த இப்னு அபீ அதீக், 5 அல்லது 7 விதைகளை நசுக்கி, எண்ணெயில் கலந்து, இரு நாசிகளிலும் சொட்டுகளாக விடச் சொன்னார். அளவும் முறையும் அன்றே பேணப்பட்டதைக் கவனியுங்கள்.

'எல்லா நோய்' என்பதன் பொருளையும் இமாம்கள் ஆராய்ந்தனர். குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வரும் நோய்களையே அது குறிக்கும் என்றார் இமாம் கத்தாபி (ரஹ்). ஆது கூட்டத்தார் மீது வீசிய காற்று அனைத்தையும் அழித்தது என்று திருக்குர்ஆன் (46:25) கூறுவது, அழியத்தக்க அனைத்தையும் குறிப்பது போன்றதே இதுவும் என்று விளக்கினார் இப்னுல் கய்யிம் (ரஹ்).

இவ்விளக்கத்தை அறியாமல், மருத்துவர் தந்த சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு, கருஞ்சீரக எண்ணெயே போதும் என்றிருப்போர் நம்மிடையே உண்டு. இது ஆபத்தானது. இவ்விதையிலுள்ள தைமோகுயினோன் என்னும் பொருளை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். கருஞ்சீரகம் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சிறிதளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அது இன்சுலினுக்கு ஈடாகாது. மாத்திரையுடன் சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையவும் கூடும். கர்ப்பிணிகள் உணவில் சேர்க்கும் அளவைத் தாண்டக் கூடாது.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அஜ்வா பேரீச்சம் பழத்தை மருந்தாகக் கூறியதோடு, ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லும்படியும் பணித்தார்கள் என்று அபூதாவூதில் அறிவிக்கப்பட்டுள்ளது. மருந்தும் மருத்துவரும் அங்கே ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவில்லை. கருஞ்சீரகத்தை உண்போம், மருத்துவரையும் நாடுவோம், நிவாரணத்தை அல்லாஹ்விடமே வேண்டுவோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.