வெல்வெட்டை விட்ட இரண்டு மேடைகள்

நாடகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பாட்டும் வசனமும்தான். உடுத்தியிருந்த உடையைப் பற்றி யாராவது பேசினால் அதைப் பெண்களின் பேச்சு என்று ஒதுக்கிவிடுவது நம்மவர்களின் பழைய வழக்கம். பரத முனிவர் அப்படி ஒதுக்கவில்லை. அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், ஸாத்விகம் என்று நான்காக வகுத்து, அவற்றுள் மூன்றாவதான ஆஹார்யத்துக்கு, அதாவது உடை, நகை, முகப்பூச்சு, மேடைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும், ஓர் அத்தியாயத்தையே நாட்டிய சாஸ்திரத்தில் ஒதுக்கியிருக்கிறார். மேடை நகைகள் கனமாக இருக்கக் கூடாது, கனமானால் ஆடுபவர் களைத்து மயங்கிப் போவார், ஆகையால் அரக்கு, மெல்லிய செப்புத் தகடு, அப்பிரகம் முதலியவற்றால் செய்துகொள்ளலாம் என்பது அதில் உள்ள ஒரு குறிப்பு. இதை எழுதியவர் மேடைக்குப் பின்னால் வியர்வையோடு நின்ற அனுபவசாலியாகத்தான் இருக்க வேண்டும்!

இந்தக் குறிப்பை நம் நாடகக்காரர்கள் வெகு காலம் மறந்திருந்தார்கள். 1850களில் பம்பாயில் தோன்றிய பார்சி நாடகக் கம்பெனிகள் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நாடெங்கும் சுற்றி வந்து, மேடையில் ராஜா என்றால் வெல்வெட் அங்கி, ராணி என்றால் ஜரிகையும் சம்கியும் என்று ஒரு பழக்கத்தை நிலைநிறுத்திவிட்டன. ராமரும் ஹரிச்சந்திரனும் பாரசீகத்து இளவரசனும் ஏறக்குறைய ஒரே அங்கியில் வந்தார்கள். 1894ல் ரவிவர்மா நிறுவிய அச்சகத்திலிருந்து வந்த வண்ணப் படங்கள் வீட்டுக்கு வீடு தொங்க ஆரம்பித்த பிறகு தெய்வங்களின் உடையும் அப்படியே உறைந்து போயிற்று. நாடகம் படத்தைப் பார்த்தது, படம் நாடகத்தைப் பார்த்தது.

மராட்டிய மேடை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பால கந்தர்வர் என்று புகழ் பெற்ற நாராயண ஸ்ரீபாத ராஜஹம்ஸர் (1888-1967) ஸ்த்ரீ வேஷத்தில் நின்றால் பூனா, பம்பாய்ப் பெண்மணிகள் அவர் புடவைக் கட்டையும் நகையையும் பார்த்துத் தாங்களும் அப்படியே உடுத்திக்கொண்டார்கள். அவருக்குப் போலிச் சரக்கு பிடிக்காது. மேடையில் அசல் பட்டு, அசல் ஜரிகை, நல்ல அத்தர். 1913ல் தொடங்கிய கந்தர்வ நாடக மண்டலி கடனில் மூழ்கியதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம். பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு அசல் ஜரிகைக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாது என்று அந்த மகா கலைஞரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்திருக்காது.

இந்தப் பளபளப்பை விட்டு வேறு வழி தேடியவை இரண்டு சிறிய மேடைகள். இரண்டும் கல்விக்கூடத்து மேடைகள். ஒன்று வங்காளத்தில் சாந்திநிகேதனம், மற்றொன்று சென்னை அடையாறு.

சாந்திநிகேதனத்தில் 1926ஆம் ஆண்டு தாகூரின் பிறந்தநாளை ஒட்டி "நடீர் பூஜா" என்ற நாடகம் நடந்தது. கதை மகத நாட்டில், அஜாதசத்ரு காலத்தில் நடக்கிறது. புத்தரின் ஸ்தூபத்துக்குப் பூஜை செய்யக் கூடாது என்று தடை. பக்தையான நாட்டியக்காரி ஸ்ரீமதியை அந்த ஸ்தூபத்தின் முன்னாலேயே ஆடச் சொல்லி அவமானப்படுத்துகிறார்கள். அவள் ஆடுகிறாள். ஆடிக்கொண்டே நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஸமர்ப்பிக்கிறாள், ஆட்ட உடையையும் களைகிறாள், உள்ளே பிக்ஷுணியின் காவி உடை தெரிகிறது. ஆட்டமே பூஜையாகிவிட்டது. அதற்காக அவள் உயிரை இழக்கிறாள்.

உடை தைப்பவர் கண்ணால் இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். கதையின் உச்சம் முழுவதும் ஒரு முடிச்சில் இருக்கிறது. மேலாடை ஆட்டத்தின் வேகத்தில் தானாக அவிழக் கூடாது, வேண்டிய நொடியில் ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் காவி முன்கூட்டியே கழுத்திலோ கணுக்காலிலோ எட்டிப் பார்த்தால் காட்சி கெட்டுவிடும். இரண்டு உடை தரித்தும் பெண் பருமனாகத் தோன்றக் கூடாது. வெல்வெட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. மெல்லிய நூல் துணி வேண்டும், தையல் குறைந்து கட்டு அதிகமாக இருக்க வேண்டும். ஸ்ரீமதியாக ஆடியவள் கலாபவனத்தின் தலைவராயிருந்த ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி. 1927 ஜனவரியில் கல்கத்தா ஜோராசாங்கோ இல்லத்தில் அதே நாடகம் நடந்தபோது, நல்ல குடும்பத்துப் பெண் எல்லோர் முன்னிலையிலும் ஆடுவதா என்று ஊர் பேசியது. பெண்கள் மட்டுமே நடித்த நாடகத்தில் தாகூர் உபாலி என்ற பிக்ஷுவின் வேஷத்தைச் சேர்த்துத் தாமே மேடையேறி அந்தப் பெண்களுக்குத் துணை நின்றார்.

உடை விஷயத்தைக் கவனித்துக்கொண்டவர்கள் நந்தலாலும் தாகூரின் மருமகள் பிரதிமா தேவியும். வேஷ்டி, உத்தரீயம், புடவை என்று நம் ஊரின் தைக்காத துணிகளே அவர்களுடைய மூலப்பொருள். தங்கத்துக்குப் பதில் பூவும் இலையும். 1927ல் தாகூர் ஜாவா, பாலித் தீவுகளுக்குப் போய் வந்த பிறகு, மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாதிக் வேலை அங்கே நன்றாக வேரூன்றியது. துணியிலேயே கோலம் வந்துவிட்டதால் சம்கி ஒட்டும் வேலை மிச்சம். 1936ல் "சித்ராங்கதா" நாட்டிய நாடகத்தில் அழகில்லாத சித்ராங்கதையையும் வரம் பெற்று அழகியான சித்ராங்கதையையும் இரண்டு பெண்கள் ஆடினார்கள். ஒரே ஆள்தான் இருவரும் என்று பார்ப்பவருக்கு உடையும் சேர்ந்து சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பணம் திரட்ட எழுபத்தைந்து வயதை நெருங்கிய கவி குழுவோடு ஊர் ஊராகப் போனார். டில்லியில் காந்திஜி இதைக் கேள்விப்பட்டு மனம் வருந்தி, ஓர் அன்பர் மூலம் 60,000 ரூபாய் வரவழைத்துக் கொடுத்து, இந்த வயதில் இனி அலைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இனி அடையாறு. மதுரையில் 1904ல் பிறந்த ருக்மிணி தேவி, நீலகண்ட சாஸ்திரிகளின் பெண். 1920ல் ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது நம் சமூகத்தில் எழுந்த கூச்சலைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். பாவ்லோவாவின் பழக்கத்தால் நாட்டிய ஆசை பிறந்து, 1933ல் மியூசிக் அகாடமியில் கல்யாணியின் பெண்கள் ஆடிய ஸதிரைப் பார்த்து, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பர் 30 அன்று பிரம்மஞான சங்கத்தின் வைர விழாவில் அவர் முதன்முதலாக மேடையேறினார்.

அன்று ஸதிர் ஆடியவர்கள் கணுக்கால் வரை வரும் பைஜாமாவின் மேல் கனமான ஜரிகைப் பட்டுப் புடவையைக் கட்டி, கையுள்ள ரவிக்கை அணிந்தார்கள். பழைய உடை அடக்கமில்லாதது, அதனால்தான் மாற்றினார்கள் என்று நம்மில் பலர் இன்னும் சொல்கிறார்கள். பழைய புகைப்படங்களைப் பார்த்தால் விஷயம் வேறு. பழைய கட்டு உடலை மூடியே இருந்தது. உடையைவிட அதை அணிந்தவர்களின் குலம்தான் அன்றைய பெரிய மனிதர்களை உறுத்தியது என்பது என் அபிப்பிராயம். ஸதிருக்காக வாதாடிய ஈ. கிருஷ்ணய்யர், வக்கீலாக இருந்துகொண்டே, தாமே ஸ்த்ரீ வேஷம் கட்டி ஆடிக் காட்டினார். அவர் உடுத்தியபோது கலை என்று பார்த்தார்கள். அதையே பரம்பரையாக உடுத்தியவர்களை அப்படிப் பார்க்கவில்லை.

ருக்மிணி தேவி கோவில் சிற்பங்களைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், பிறகு தையற்காரியைத் தேடினார். அடையாறில் இருந்த மேடம் கஸான் என்ற இத்தாலியப் பெண்மணி அவருக்குத் தைத்துக் கொடுத்தார். இன்று நம் பெண் குழந்தைகள் அரங்கேற்றத்துக்கு அணியும் தைத்த உடைக்கு அதுதான் தொடக்கம். இடுப்பில் கட்டும் பகுதி தனி, மேலாக்கு தனி, கால்களுக்கு நடுவே விசிறி போல விரியும் கொசுவம் தனி. கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும் மேலே தையலில் அடங்கியிருக்கும், கீழே சுதந்திரமாக இருக்கும். அரைமண்டியில் அமர்ந்தால் விசிறி விரியும், எழுந்தால் மூடிக்கொள்ளும். கட்டுப் புடவையில் இதை ஒவ்வொரு முறையும் கையால் சரி பார்க்க வேண்டும், தைத்ததில் வேண்டாம். பின்னால் நின்று கூடவே நகர்ந்த பக்கவாத்தியக்காரர்களை அவர் மேடையின் ஒரு பக்கத்தில் உட்கார வைத்ததும் இதோடு சேர்ந்தது. ஆடுபவரின் உருவம் வெறும் திரைக்கு எதிரே முழுமையாகத் தெரியும்போது, உடையின் கோடு ஒவ்வொன்றும் கணக்கில் வருகிறது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. பாலசரஸ்வதி கடைசி வரை புடவைக் கட்டிலேயே ஆடினார். அபிநயத்துக்குப் புடவைத் தலைப்பே ஒரு கருவி என்பது அந்த ஸம்பிரதாயம், தைத்த உடையில் பிடித்து இழுக்கத் தலைப்பு ஏது? இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தைத்த உடை வந்ததால்தான் பத்து வயதுக் குழந்தைக்குப் பத்து நிமிஷத்தில் உடுத்திவிட முடிகிறது, டில்லியிலும் நாக்பூரிலும் சங்கத்து மேடையில் இருபது குழந்தைகளை வரிசையாக நிறுத்த முடிகிறது. அந்த வசதியின் மறுபக்கம், தலைமுறைகளாக ஆடி வந்த குடும்பங்கள் மேடையிலிருந்து பின்வாங்கியது. புதிய உடையைப் பார்த்து, "இப்போதுதான் கௌரவமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள், பழைய உடையை அணிந்திருந்தவர்களைப் பார்த்து என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

1936ல் பிறந்த கலாக்ஷேத்திரத்தில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தறிகளும் வந்துவிட்டன. பழைய புடவைகளின் கரைகளைப் பார்த்து, அகலக் கரையும் எதிர் நிறமுமாக நெய்யச் செய்தார் ருக்மிணி தேவி. 1944ல் குற்றாலக் குறவஞ்சி அரங்கேறியபோது ஒரே மேடையில் வசந்தவல்லியும் அவள் தோழிகளும் குறத்தியும் சிங்கனும் வேண்டியிருந்தது. தனி ஒருத்தியின் உடை வேறு, ஒரு கூட்டத்தின் உடை வேறு. தோழிகள் எல்லோரும் அழகாக இருந்தால் நாயகி காணாமல் போவாள். அங்கே நிறம்தான் கை கொடுக்கும். நெசவு தன் கையில் இருப்பவருக்கு அந்த நிறத்தைக் கடையில் தேட வேண்டியதில்லை.

பின்னால் டில்லி தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காஜியின் நாடகங்களுக்கு உடையமைத்த அவர் மனைவி ரோஷன் அல்காஜி, பார்ஹுத், ஸாஞ்சி, அஜந்தா உருவங்களை ஆராய்ந்து, பழங்கால இந்திய உடை பற்றி 1983ல் ஒரு நூலே வெளியிட்டார். எந்தக் காலத்தில் எந்தக் கட்டு என்று படம் வரைந்து காட்டியிருக்கும் அந்த நூல், நாடகம் போடும் எந்தச் சங்கத்தின் அலமாரியிலும் இருக்கத் தக்கது.

நம் சங்கங்களின் ஆண்டு விழாவுக்கு வருகிறேன். டிராமா டிரஸ் வாடகைக் கடைக்குப் போனால் இன்றும் அதே வெல்வெட், அதே சம்கி. பார்சி கம்பெனிகள் போய்விட்டன, அவர்களுடைய அங்கி போகவில்லை! ஸீதா கல்யாணம் போடும் மாமிகளுக்குச் சில வார்த்தைகள். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும், நூல் துணியும் பட்டும் திருப்பிக் கொடுக்கும். சிவப்புப் புடவை நீல விளக்கில் கறுப்பாகத் தெரியும், ஆகையால் துணி வாங்குமுன் விளக்குப் போடுபவரைக் கேளுங்கள். தையல் ஓரத்தில் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைத்தால் இந்த ஆண்டு ராமர் உடை அடுத்த ஆண்டு உயரமான பையனுக்கும் ஆகும். அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் வில்லைத் தூக்கும்போது கிழியாது. கிரீடம் அட்டையிலேயே இருக்கட்டும், குழந்தையின் கழுத்து பிழைக்கும். நகை வேண்டுமானால் நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கெம்புக் கல் நகைகள் பல நிகழ்ச்சிகளுக்கு உழைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1940களிலிருந்து அறுபதுகள் வரை உங்கள் ஊர்ச் சபாக்களில் நடந்த நாடகங்களின் புகைப்படங்கள் பலர் அகங்களில் பெட்டியில் கிடக்கும். எல்லாம் கறுப்பு வெள்ளை. அந்தப் புடவை என்ன நிறம், யார் கொடுத்தது, யார் தைத்தது என்று சொல்லக்கூடிய பாட்டிகள் இன்னும் சில அகங்களில் இருக்கிறார்கள். கேட்டு, படத்தின் பின்புறம் பென்ஸிலால் எழுதி வையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.