கொடுத்தது எவ்வளவு, மாறியது எவ்வளவு?

சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குச் செல்பவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதன் ஐந்து நிலை ராஜகோபுரத்தைத்தான். அதற்குக் கொடை அளித்தவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. கடைச் சிப்பந்தியாக வாழ்க்கையைத் தொடங்கி, ‘பிஜிபி’ என்ற பெயரில் கடைகளை நடத்திய வணிகர். கோயிலில் 1965ல் திறக்கப்பட்ட கல்யாண மண்டபமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1980ல் அவர் மறைந்தார். 1990களின் இறுதியில் கடைகளும் மூடப்பட்டன. மண்டபத்தில் மட்டும் மேளச் சத்தம் ஓயவில்லை.

அன்று இதற்குத் தர்மம் என்று பெயர். இன்று ‘நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு’ என்கிறார்கள். பெயர் மாறியபோது இரண்டு கேள்விகளும் சேர்ந்துகொண்டன. இதற்கு ஆகும் செலவு யாருடையது? இதனால் விளைந்த பலன் என்ன?

முதல் கேள்விக்கு விடை எளிதுபோலத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு உண்மை தெரியும். அங்கீகரிக்கப்பட்ட பொதுநல அமைப்புகளுக்கு அளிக்கப்படும் நன்கொடைக்குச் சிங்கப்பூரில் 2016 முதல் 250 விழுக்காடு வரிக் கழிவு வழங்கப்பட்டு வந்துள்ளது. நிறுவன வருமான வரி 17 விழுக்காடு. அதன்படி 100 வெள்ளி கொடுக்கும் நிறுவனத்திற்கு 42 வெள்ளி 50 காசு வரி மிச்சமாகிறது. அதன் கைப்பணம் 57 வெள்ளி 50 காசுதான். மீதியை அரசாங்கக் கருவூலம், அதாவது பொதுமக்கள், சுமக்கிறார்கள். ஆகவே, அந்தப் பணம் என்ன செய்தது என்று கேட்கும் உரிமை பொதுமக்களுக்கும் உண்டு.

இந்த உரிமையைச் சிங்கப்பூர் உரக்கப் பயன்படுத்திய ஆண்டு 2005. தேசிய சிறுநீரக அறநிறுவனம் ஒரு நாளிதழ் மீது தொடுத்த அவதூறு வழக்கு, அந்த அறநிறுவனத்தின் கணக்கையே சபையில் வைத்தது. சேமநிதி மூன்று ஆண்டுகளுக்கே போதும் என்று சொல்லப்பட்டிருந்தது. சுத்திகரிப்புச் சிகிச்சைச் செலவை மட்டும் பார்த்தால் அது 30 ஆண்டுகளுக்குப் போதும் என்பது வெளிப்பட்டது. நோயாளிகளின் எண்ணிக்கையும் கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மாதாந்தர நன்கொடையை நிறுத்தினர். திரட்டிய தொகையை வெற்றியாகக் காட்டிய காலம் அத்துடன் முடிந்தது.

அதன் பின்னர் அளவுகோல்கள் பெருகின. சிங்கப்பூர் பங்குச் சந்தை, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் நீடித்த நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என்ற விதியை 2016ல் அறிவித்தது. இந்தியா 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் வழி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. செலவு கூடினால் போதாது என்பது புரியவே, 2021ல் பெரிய திட்டங்களின் தாக்கத்தை வெளியார் மதிப்பிட வேண்டும் என்ற விதியையும் சேர்த்தது.

ஆனால் எந்த அளவுகோலும் எல்லாவற்றையும் அளந்துவிடுவதில்லை. 2020ல் கிருமித்தொற்று பரவியபோது வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்கு உணவுப் பொட்டலங்களும் முகக்கவசங்களும் குவிந்தன. அவற்றை எண்ணுவது சுலபம். அறிக்கையில் படமாகப் போடுவதும் சுலபம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவை நிறைக்கும் அந்த ஊழியர்கள் எவ்வளவு நெருக்கமாகப் படுத்துறங்கினார்கள் என்பது எந்த நன்கொடைக் கணக்கில் வரும்? அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அதிகாரபூர்வத் தகவல்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. 2021ல்தான் புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற தரநிலை அறிவிக்கப்பட்டது.

இடநெருக்கடியால் மிச்சமானது ஒருவருடைய செலவு. அதற்கு விலை கொடுத்தது வேறொருவருடைய உடல்நலம். லாபம் ஈட்டிய பின் அதில் ஒரு பங்கைக் கொடுப்பது நல்ல செயல்தான். அந்த லாபம் எப்படி ஈட்டப்பட்டது என்பதும் பொறுப்புக்குள் அடங்கும். இதை விட்டுவிட்டுப் போடும் கணக்கு வரவை மறைத்துச் செலவை மட்டும் எழுதிய கணக்காகிவிடும்.

கோவிந்தசாமி பிள்ளை காலத்தில் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கிடையாது. ஆயினும் ஓர் அளவுகோல் இருந்தது. கடை போன பின்னும் மண்டபம் பயன்படுகிறதா என்பதே அது. இன்றைய நிறுவனங்களுக்கும் அதையே கேட்கலாம். காசோலையுடன் எடுத்த படம் பழசான பிறகு, யாருடைய வாழ்க்கையில் என்ன மிஞ்சியிருக்கிறது? அந்தக் கேள்வியை முதலில் தங்கள் சொந்த ஊழியர்களிடமே நிறுவனங்கள் கேட்டுப் பார்க்கலாம்.