காங்கிரசின் பந்தியும் முரசுமோட்டைப் பந்தலும்

1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் ஆண்டு மாநாட்டையும், வன்னியின் முரசுமோட்டையில் தகரப் பந்தலின் கீழ் நடக்கும் பழைய மாணவர் ஒன்றுகூடலையும் அருகருகே வைப்பது முதற்பார்வைக்குப் பொருந்தாத வேலையாகத் தோன்றும். அது சுயராச்சியம் கேட்டது; இது மைதானத்துக்கு மதில் கேட்கிறது. ஆயினும் இரண்டையும் கொஞ்ச நேரம் சேர்த்துப் பார்த்தால், தூரத்து உறவுக்காரரின் முகச்சாயல் தெரியத் தொடங்குகிறது.

ஆட்களிலிருந்தே தொடங்கலாம். மாணவர் காங்கிரசை முன்னின்று நடத்தியவர்களில் பலர் படிப்பை முடித்துவிட்ட இளம் ஆசிரியர்கள். அதன் தலைமகனான ஹண்டி பேரின்பநாயகமும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரே. பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரப் பாடசாலைகளின் ஒன்றுகூடல்களிலும் கூட்டத்தை மேய்ப்பவர்கள் முன்னாள் மாணவத் தலைவர்கள்தான். சின்னத்தைக் கழற்றிக் கொடுத்து எத்தனையோ வருடமாகியிருக்கும். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் போதும், "கதையாமல் இருங்கோ, வரிசையில வாங்கோ" என்ற பழைய அதட்டல் தானாக வந்துவிடும். "அண்ணை, மணி அடிச்சுப் போட்டுது, வீட்டை போங்கோ!" என்று பின்வரிசை திருப்பிக் கத்தும். பள்ளிக்கூடம் கொடுத்த அதிகாரம் பள்ளிக்கூடத்தோடு முடியவில்லை என்பது இரு தரப்பாரும் கொண்ட நம்பிக்கை. காங்கிரஸ்காரர் அதைத் தேசத்தின் மேல் செலுத்திப் பார்த்தார்கள். இவர்கள் சாப்பாட்டு வரிசையின் மேல் செலுத்துகிறார்கள். வெற்றி விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான்.

விருந்தினர் விடயத்தில் ஒப்புமை தலைகீழாகிறது. காங்கிரசின் அழைப்பை ஏற்று 1927இல் யாழ்ப்பாணம் வந்த காந்தி, கதர் நிதிக்குப் பணம் திரட்டிக்கொண்டு போனார். முரசுமோட்டைக்கு இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் வகுப்புத் தோழர் பணத்தோடு வருகிறார். அங்கே விருந்தினர் பெற்றுச் சென்றார். இங்கே விருந்தினர் தந்து செல்கிறார். மாலையும் முன்வரிசை நாற்காலியும் இருவருக்கும் உண்டு. ஆனால் கொடுக்க வந்தவரைக் கேள்வி கேட்பது கூட்டத்துக்குக் கூச்சமாயிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்மார்ட் வகுப்பறை தருகிறேன் என்பவரிடம், கழிப்பறைக்குத் தண்ணீர்த் தாங்கிதான் அவசரம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

உண்மையான உறவு பந்தியில்தான் இருக்கிறது. சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து உண்பதைக் காங்கிரஸ் கொள்கையாகவே கைக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சமமாக வாங்கில் இருக்கலாமா என்பதே சண்டைக்குரிய கேள்வியாக இருந்த காலம் அது. அந்தப் பந்தியில் பரிமாறப்பட்ட ஒவ்வொரு அகப்பைச் சோற்றுக்குப் பின்னாலும் ஒரு வாதம் இருந்தது. முரசுமோட்டைப் பந்தலில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் எந்த வாதமுமின்றிப் பரிமாறப்படுகின்றன. யாருக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று பார்க்க ஆளில்லை. இந்த மாற்றத்தில் கொள்கைக்குப் பங்குண்டு. 2009இல் போருக்குத் தப்பிப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே ஓடி, பிறகு மெனிக் பாம் முகாமில் தட்டேந்தி நின்ற வரிசைகளுக்கும் பங்குண்டு. சாதி போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. கலியாணப் பேச்சு எடுத்தால் தெரியும். பந்தி மட்டும் வென்றிருக்கிறது.

பந்தியை விட்டுப் பதிவுக்கு வந்தால், காங்கிரஸ் தன் மாநாடுகளில் தீர்மானங்களை எழுதி நிறைவேற்றியது. அவற்றைக் கொண்டே அதன் வரலாற்றை இன்று எழுத முடிகிறது. வன்னிப் பாடசாலைகள் பலவற்றில் சேர்வு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் இடப்பெயர்வோடு போய்விட்டன. ஆகவே ஒன்றுகூடலில் இடாப்பு வாயால் எழுதப்படுகிறது. எந்த வருடம் யார் எந்த வகுப்பில், மெய்வல்லுநர் போட்டியில் எந்த இல்லம், எந்த ஆசிரியர் எப்போது மாறிப் போனார் என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் திருத்துகிறார். வெட்டிப் பேச்சுப் போல ஒலிக்கும் இந்தச் சச்சரவுதான் அந்த நாளின் மிகப் பயனுள்ள வேலை என்பது என் எண்ணம். அகவணக்கத்துக்குப் பெயர்கள் வாசிக்கும்போதும் இதே திருத்தல் நடக்கிறது. ஒரு பெயர் விடுபட்டால் பந்தலின் ஏதோ ஒரு மூலையிலிருந்து குரல் வரும்.

அரசியலில் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. 1931இல் காங்கிரசின் தேர்தல் பகிஷ்கரிப்பு அழைப்பால் குடாநாட்டின் 4 தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. வன்னியின் மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதியோ அன்றே தேர்தலில் கலந்துகொண்டது. வன்னி தன் கணக்கைத் தனியாகப் போடுவது புதிதல்ல. முரசுமோட்டைப் பந்தலில் அரசியல் பேசப்படுவதில்லை. தடை ஏதும் அறிவிக்கப்படாமலே எல்லோரும் அந்தப் பேச்சைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று எழுத எனக்கு மனமில்லை.

பகிஷ்கரிப்பைக் கேட்ட அதே காங்கிரஸ்காரர் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தால் பிரிந்த கோடுகள் மறுபடி நெருங்குகின்றன. பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். காங்கிரசின் இன்னொரு முன்னணியாளரான ஒறேற்றர் சுப்பிரமணியம் கந்தரோடை ஸ்கந்தவரோதயாக் கல்லூரியின் அதிபரானார். தேசத்தைத் திருத்தப் புறப்பட்டவர்களும் நேர அட்டவணை, ஆசிரியர் பற்றாக்குறை, கட்டட நிதி என்று முரசுமோட்டைப் பந்தலின் நிகழ்ச்சிநிரலில் இன்றிருக்கும் விடயங்களுக்கே வந்து சேர்ந்தார்கள்.