மனசுல எட்டு, கையில அஞ்சு

இது கொஞ்சம் கணக்குப் பதிவு. பயப்பட வேண்டாம், கடைசியில் பரீட்சை கிடையாது.

போன வாரம் பையனின் பள்ளி டைரியில் ஒரு குறிப்பு வந்தது. கூட்டல் போடும்போது விரல் விடுகிறானாம், வீட்டில் கவனிக்க வேண்டுமாம். ஒன்றாம் வகுப்பு, ஆறு வயது. அன்று இரவு செம்பூர் வீட்டில் உட்கார வைத்து, "எட்டும் அஞ்சும் எவ்வளவு?" என்று கேட்டேன். இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் போயின. வெளியே இழுத்துப் புறங்கையில் ஒன்று வைத்தேன். பலமாக இல்லைதான். அவன் அழவும் இல்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அதுதான் என்னை உறுத்தியது.

தாராவியிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏல, பச்சப்புள்ளய ஏன் அடிக்க? ஒங்க பேங்குல நோட்ட என்ன காலாலயா எண்ணுதாவ?"

பிகாம் படித்து, இருபது வருடம் வங்கியில் குப்பை கொட்டியவனிடம் பதில் இல்லை.

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்து, பல வருடம் இட்லி வியாபாரம் செய்தாள். யாருக்கு எத்தனை பிளேட், யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் கட்டைவிரலில்தான். மற்ற நான்கு விரல்களிலும் விரலுக்கு மூன்று கணு, ஆகப் பன்னிரண்டு. நுனியையும் சேர்த்துக்கொண்டால் பதினாறு. கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். விரலை நீட்டி எண்ணினால் இரண்டு கையிலும் பத்தோடு சரி. கணுவைத் தொட்டு எண்ணினால் ஒரே கையில் பதினாறு. மறு கையில் கரண்டி பிடிக்கலாம்!

இது அம்மாவின் கண்டுபிடிப்பு அல்ல. இந்தியாவின் பல பகுதிகளில் உள்ள வழக்கம். ஜபம் எண்ணுகிறவர்களும் விரல் கணுக்களைத்தான் தொடுகிறார்கள். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. ஆக ஒரு கை நிறைந்தால் ஒரு ரூபாய். (அதற்காகவே வந்த முறை என்று சொல்லவில்லை. வசதியாகப் பொருந்தியது, அவ்வளவுதான்.) தமிழில் பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி என்று தனிப் பெயரே உண்டு. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 1/16 வரும்.

இந்தப் பின்னங்களைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 1/320 ஆன முந்திரி வரைக்கும் ஒப்பித்தார்கள். அதற்கான பாடம் எண்சுவடி. மணலில் விரலால் எழுதிப் பழகி, வாய்விட்டுச் சொல்லி மனதில் ஏற்றி, பிறகுதான் ஓலைக்கு வந்தார்கள். கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு 2022-ல் வெளியிட்ட நூல் இந்தக் கணக்கு உலகத்தைப் பற்றியதுதான். ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏறிவிட முடியாது. பெண் பிள்ளைகளும் அபூர்வம். திண்ணை ஏற முடியாதவர்களிடமும் கை இருந்தது.

அந்தக் கைக் கணக்கை மட்டமாக நினைக்காதீர்கள். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்தே ஆயிரக்கணக்கில் விலை பேசி முடித்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளைக்காரன் மட்டும் என்னவாம்? காமர்ஸ் படித்தவர்களுக்கு லூக்கா பாச்சோலியைத் தெரிந்திருக்கும். இரட்டைப் பதிவுக் கணக்கை முதலில் அச்சில் விளக்கிய இத்தாலியப் பாதிரியார். 1494-ல் வெனிஸில் வெளியான அந்தப் புத்தகத்தின் பெயர் 'சும்மா' என்று ஆரம்பிக்கும். (சும்மா எழுதியது அல்ல!) அதிலேயே ஒரு பக்கம் முழுக்க, எந்த எண்ணுக்கு எந்த விரலை எப்படி மடக்குவது என்று படம் போட்டிருக்கிறது. டெபிட், கிரெடிட்டை மட்டும் மனப்பாடம் செய்த எங்களுக்கு அந்தப் பக்கத்தை யாரும் சொல்லவில்லை.

சரி, பழங்கதை போதும். இன்றைய ஆராய்ச்சி என்ன சொல்கிறது? சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வு 2024-ல் வெளிவந்தது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் 328 பேர். விரல் விடாத குழந்தைகளுக்கு விரல் விட்டுக் கூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். 37 சதவீதமாக இருந்த சரியான விடைகள் 77 சதவீதமாயின. அந்தப் பயிற்சி பெறாத குழந்தைகள் 40-லிருந்து 48-க்குத்தான் வந்தார்கள்.

யோசித்தால் புரிகிறது. குழந்தை முதலில் எட்டையும் ஐந்தையும் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. அப்புறம் ஒருநாள், எட்டை மறுபடி எண்ணத் தேவையில்லை என்று கண்டுபிடிக்கிறது. "மனசுல எட்டு, கையில அஞ்சு" என்று நம் வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே! மனசுல எட்டு வந்துவிட்டது என்றால் பாதி கணக்கு ஏற்கனவே கையை விட்டு மனதுக்கு ஏறிவிட்டது. மீதியும் தானாக ஏறும். பெரிய வகுப்புக்குப் போன பிறகும் சின்னக் கூட்டலுக்கு விரல்தான் என்றால், அப்போது உட்கார்ந்து கவனிக்கலாம். ஆறு வயதில் பிடுங்கினால் விரல் மேசைக்கு அடியில் போகும், அவ்வளவுதான். எனக்கே தெரியும். நானும் பெஞ்சுக்கு அடியில் விரல் விட்டுத்தான் தேறினேன். அதை எப்படி மறந்தேன்?

மறுநாள் சாயங்காலம் ஆச்சியும் பேரனும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கட்டைவிரல் ஒவ்வொரு கணுவாக ஏறிக்கொண்டிருந்தது. "ஆச்சி, பதிமூணு!" என்றான். என்னைப் பார்த்ததும் கை லேசாகப் பின்னால் போனது. பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை நீட்டினேன். "எனக்கும் சொல்லிக் குடுடா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் என் விரலைப் பிடித்தான்.

டைரியில் "கவனித்தேன். நன்றாக எண்ணுகிறான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படி எண்ணுவார்கள்? கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.